சரளைக்கு அடியில்

செடி என்றால் வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில், மீன்தொட்டி விளக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்த செடிகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. வலப்பக்கம் ஜன்னல் இல்லை. டாக்டர் பல் பிடுங்கும் அறையின் கதவுதான் இருந்தது.

வரவேற்பு மேசைக்காரி அதைத் திங்கட்கிழமை காலையில் கவனித்தாள். தண்ணீர் ஓட்டம் தள்ளுகிறது போல என்று வடிகட்டியின் வாயை மறுபக்கம் திருப்பி வைத்தாள். மதியமும் இலைகள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே பல் குடையும் மெஷின் கீச்சென்று கிளம்பியதும் இலை ஓரங்களில் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. மெஷின் நின்றதும் அவையும் நின்றன. நல்ல வெளிச்சம் கிடைத்தால் செடி குமிழி விடும் என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். சத்தத்துக்கும் விடும் என்று அவர் சொல்லவில்லை.

அவளுக்கு அந்தத் தொட்டிமேல் ஆசை ஒன்றும் கிடையாது. அது டாக்டரின் மாமனார் கொடுத்த பரிசு. டாக்டர் அதை அவள் தலையில் கட்டிவிட்டார். சீட்டு எழுதுவது, போன் எடுப்பது, கருவிகளைக் கழுவுவது, இதோடு செடி வளர்ப்பும் அவள் வேலை ஆனது. டாக்டர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய், ரிசப்ஷன்!" அவ்வளவுதான். வீட்டில் அண்ணி இன்னும் ஒரு படி மேலே. ஏற்கெனவே மூன்று இடத்தில் வேலை நிலைக்காதவள் என்பதால், "இதுவும் போச்சுன்னா பெட்டியக் கட்டிக்கிட்டுக் கிளம்பு. இங்க யாரும் சத்திரம் நடத்தல" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். அண்ணன் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பேப்பரை இறக்கவே இல்லை.

ஆரம்பத்தில் அவள் செய்யாத தப்பில்லை. மீன்கடைக்காரர் என்னவோ பொறுமையாகத்தான் சொன்னார்.

"விளக்கு எட்டு மணி நேரம் போதும்மா, அதுக்கு மேல எரிஞ்சா பாசிதான் வரும். வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்து. இந்தத் தடிச்ச கிழங்கு இருக்கு பாரு, இதப் புதைக்காத, அழுகிடும். கட்டையில வெச்சு நூலால கட்டு. நீள இலைச் செடி மட்டும் வேர் வழியாத்தான் சாப்பிடும். மாத்திரை உரம் தர்றேன், சரளைக்கு அடியில வேர்கிட்ட அழுத்தி வை."

பஸ் இறங்குவதற்குள் இரண்டும் அவள் தலையில் இடம் மாறிவிட்டன. கிழங்கைப் புதைத்தாள், நீள இலையைக் கட்டையில் கட்டினாள். பத்தே நாளில் கிழங்கு கொழகொழத்து, அறை முழுக்கச் சாக்கடை வாடை. "ஒரு செடியக்கூட உயிரோட வெச்சுக்கத் தெரியல, நீயெல்லாம் எதுக்கு?" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர், அந்த வலியிலும் சிரித்தார். அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை.

நீள இலைச் செடிகளை அவிழ்த்துச் சரளையில் நட்டாள். அவையும் கண்ணாடி மாதிரி வெளிறி உருகத் தொடங்கியிருந்தன. அப்போதுதான் அது நடந்தது. கழுவ வேண்டிய தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் மீனுக்கு இரை போட்டாள். தட்டு சாய்ந்தது. சற்றுமுன் பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்று தண்ணீருக்குள் விழுந்து செடியின் காலடியில் போய் நின்றது. எடுப்பதற்குள் டாக்டர் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது பல்லைக் காணோம். மூன்றாம் நாள் அந்தச் செடியில் புது இலை விரிந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதத்தில் அவள் வாங்கிய ஒரே நல்ல வார்த்தை.

அப்புறம் என்ன, குப்பைக்குப் போக வேண்டிய பல்லெல்லாம் தொட்டிக்குப் போயிற்று. யாரும் தேடாத பொருள்தானே. செடிகள் தளதளவென்று வளர்ந்தன. ஆனால் போகப் போக அவற்றுக்கு நாக்கு நீண்டது. சொத்தைப் பல்லை வைத்தால் மறுநாள் காலையில் அது சரளைக்கு மேலே துப்பினாற்போலக் கிடக்கும். உர மாத்திரையும் அப்படியே வெளியே வந்துவிடும். கழுவாத பல், ரத்தம் காயாத பல்தான் உள்ளே தங்கியது. மீன்கள் ஐந்தும் மேல் மூலையில் ஒண்டிக்கொண்டு, இரை அடியில் விழுந்தால் பட்டினி கிடந்தனவே தவிர, கீழே இறங்கவில்லை.

செடிகள் கதவுப்பக்கம் சாய்ந்த அந்த வாரம் பார்த்து, பல் பிடுங்க ஒருவரும் வரவில்லை. எல்லாம் பல்லைச் சுத்தம் செய்வதும் சொத்தையை அடைப்பதும்தான். புதன்கிழமை இலைகள் மஞ்சளித்தன. வெள்ளிக்கிழமை ஓரங்கள் உருகித் தொங்கின.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு மாமனார் வர்றாரு" என்றார் டாக்டர். "அவரு குடுத்த தொட்டி இந்த லட்சணத்துல இருந்துச்சுன்னா, திங்கக்கிழமைலேருந்து நீ வரவேண்டாம்."

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரே ஒரு பல் பிடுங்கும் சீட்டு இருந்தது. பாட்டு டீச்சருடையது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித்தருபவர். அந்த அறைக்கு வருபவர்களில், "சாப்டியாம்மா?" என்று அவளிடம் கேட்கும் ஒரே ஆள். சிரித்தால் வரிசை முழுவதும் தெரியும். பிடுங்க வேண்டிய பல் முழுச் சொத்தை. அதைத் தொட்டி துப்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் வாயைப் பார்த்துப் பிடுங்குகிறவர் இல்லை, சீட்டைப் பார்த்துப் பிடுங்குகிறவர். போன வாரம் அவர் சொன்ன பல் எண்ணை எழுதியதே அவள்தான். இப்போது அதற்குப் பக்கத்தில், அதே பேனாவால், அடுத்த பல்லின் எண்ணையும் எழுதினாள். எழுத்து கோணாமல் விழுந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பத்து மணிக்கு அவள் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே டாக்டர் பக்கத்தில் நின்றாள். முதல் பல் வந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு. ரெண்டு பல்லா சொன்னேன்?"

மரத்த வாயோடு டீச்சர் என்னவோ சொல்ல முயன்றார். உதடு கூடவில்லை, எச்சில்தான் வழிந்தது. கண்கள் அவளைத் தேடின, நீயாவது சொல்லேன் என்பது போல.

"ஆமா டாக்டர். ரெண்டுதான்" என்றாள்.

நல்ல பல் சுலபத்தில் வராது. நேரம் எடுத்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவள் காலடிவரை வந்தது. டீச்சரின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள்: வெளியே தொட்டி முழுக்கக் குமிழி.

பஞ்சைக் கடித்தபடி டீச்சர் தொட்டிக்கு எதிரே இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். பல் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீரும் அப்படித்தான் இருந்தது, வாய்க்குள் கை விட்டதுபோல. கிராம்பு எண்ணெய் வாடை. சரளையை விலக்கி விரலை இறக்கினாள். வேர்கள் வழுவழுவென்று விலகி வழிவிட்டன. இன்னும் கீழே. இன்னும் கொஞ்சம்.

விரலில் ஒரு பல் தட்டுப்பட்டது. நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. சிதறிப் போட்ட பற்கள் வரிசையாக, வளைவாக, ஈறுபோல் ஏதோ மெத்தென்ற ஒன்றில் பதிந்திருந்தன. மேலேயும் ஒரு வரிசை.

கீழ்வரிசையில் ஓர் இடம் காலி.

கையை இழுத்துக்கொள்வதற்குள், விரல்களுக்கு இடையிலிருந்த பல்லை எதுவோ வாங்கிக்கொண்டது. மெதுவாகப் பொருத்திக்கொண்டது. சரளை ஒருமுறை மேலே எழும்பித் தணிந்தது.

இரண்டு வரிசையும் அவள் கைமேல் மூடிக்கொண்டன.

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விரல் மரத்தது. மணிக்கட்டு மரத்தது. தோள், கழுத்து, தாடை. கத்த வாயைத் திறந்தாள். நாக்கு தடித்துக் கிடந்தது.

வாசல் மணி அடித்தது. மாமனார் உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இலைகள் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து, ஒவ்வொரு நுனியிலும் சிவப்பாக ஒரு துளிர்.

"அடேயப்பா! கடையிலகூட இப்படிப் பாத்ததில்ல மாப்ள."

"எல்லாம் இந்தப் பொண்ணு கைவண்ணம்தான் மாமா" என்றார் டாக்டர். அவள் தோளைத் தட்டினார்.

டீச்சர் எழுந்துவிட்டார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியின் அடிப்பாகம், சரளைக்குக் கீழே நடப்பதெல்லாம், நன்றாகத் தெரிந்தது. கையை நீட்டி நீட்டிக் காட்டினார். தொண்டைக்குள்ளிருந்து ஓர் ஓலம் வந்தது. வார்த்தையாகவில்லை.

"பேசக் கூடாது டீச்சர்" என்றார் டாக்டர். "பஞ்சை நல்லாக் கடிச்சுக்கிட்டு உக்காருங்க."

மாமனார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக் குனிந்து, இலைகளை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. வேர்கள் சிந்தவிடவில்லை. முழங்கைவரை உள்ளே இருந்த அவள் கை, யாருக்கும் தெரியாமல், இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.