பணிப்பெண்ணின் பார்வை

கறை நகர்ந்துகொண்டிருந்தது.

பழைய படச்சுருளில் தூசி விழுந்தால் அது ஒரு சட்டத்தில், ஒரு ஃப்ரேமில், இருக்கும்; அடுத்ததில் இருக்காது. கீறல் என்றால் நேர்கோடாக ஓடும். பன்னிரண்டு வருடங்களாக இந்த இரண்டையும் கணினியில் துடைத்துத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் அந்தப்புரக் காட்சியில் தூணுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு நின்ற அந்தக் கருப்புத் திட்டு எல்லாச் சட்டங்களிலும் இருந்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. பூஞ்சைதான் பரவியிருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

ராஜா காலத்துக் கொலைக் கதை. அமைச்சராக நடித்தவர் கத்தியைத் தூக்குவதற்கு முன்பே புருவத்தைத் தூக்கிவிடுவார். கொலைகாரனைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரமெல்லாம் தேவையே இல்லை. இளவரசர் தும்மினால்கூட வசனமாகத்தான் தும்முவார். இவர்களுக்கு நடுவே விளக்கேந்தி வரும் பணிப்பெண் மட்டும் நிஜமாகப் பயந்தாள். நாற்பது விநாடி. அதற்குள் செத்துப்போவாள்.

அந்தப் பணிப்பெண் அவளுடைய அம்மா.

அவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா இறந்துபோனாள். புகைப்படங்களையெல்லாம் அப்பா நெருப்பில் போட்டுவிட்டார். மிஞ்சியது இந்த நாற்பது விநாடிதான். கெஞ்சிக் கூத்தாடி இந்தப் படத்தைத் தன் கைக்கு வாங்கியிருந்தாள். எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பணிப்பெண் தூணையே பார்த்தாள், கேமரா பக்கம் திரும்பவேயில்லை. ஒரே ஒரு தடவை அம்மா தன்னைப் பார்த்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

மத்தியானம் சித்திக்குப் போன் செய்தாள்.

"அம்மா நல்லா நடிச்சிருக்காங்க சித்தி."

"உங்கம்மாவா? அவளுக்கு நடிப்பே வராதுடி. நாலு வார்த்தை பேச நாப்பது தடவை தடுமாறுவா." சித்தி சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அந்த சீன் எடுத்த அன்னிக்கு வீட்டுக்கு வந்தும், படத்துல பயந்து முழிக்கிறாளே, அதே முழிதான். உன்னைத் தூக்கக்கூட இல்ல. சுவத்துப் பக்கமே பார்த்துட்டு இருந்தா. ஒன்பதாம் நாள் போயிட்டா."

"எதைப் பார்த்தாங்க?"

"அங்க ஒண்ணுமே இல்லையே கண்ணு."

பக்கத்து இருக்கைக்காரர் விடுப்பில் இருந்தார். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஏசியின் முனகலும், மேசைமேல் கிடந்த படச்சுருள் தகரப் பெட்டியிலிருந்து கசிந்த புளித்த வாடையும், திரையின் சாம்பல் வெளிச்சம் சுவரில் தள்ளிய அவளுடைய நிழலும் மட்டுமே துணையாக இருக்க, பக்கத்துச் சட்டத்திலிருந்து நகலெடுக்க வழியில்லாததால் சுவரின் நிறத்தைக் கிள்ளிக் கிள்ளி அந்தத் திட்டின்மேல் பூசினாள். தொள்ளாயிரத்து அறுபது சட்டங்கள். கடைசிச் சட்டத்தில் அது அம்மாவின் முதுகை ஒட்டி நின்றது. அதையும் அழித்தாள்.

முனகல் நின்றது.

ஏசியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. எங்கிருந்தோ எண்ணெய்த் திரி கருகும் வாடை வந்தது.

காட்சியை ஓடவிட்டாள். சுத்தமான சுவர். வெறும் தூண். அம்மா விளக்கோடு வந்தாள். நின்றாள். தூணைப் பார்க்கவில்லை.

திரும்பினாள்.

இப்படி ஒரு சட்டத்தை அவள் துடைத்ததே இல்லை. அம்மாவின் முழு முகம். நேருக்கு நேர். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா... நான்தான்மா."

முப்பத்தேழு வருடங்கள் காத்திருந்த பார்வை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் மேலே. அவள் தோளுக்குப் பின்னால். அதே பயம்.

படத்தை நிறுத்தினாள். விளக்கின் சுடர் நின்றது. அம்மாவின் கை நின்றது.

கண்கள் நிற்கவில்லை. அவள் தோளிலிருந்து, மெல்ல, அவள் கழுத்துக்கு இறங்கின.