சிப்பித்திடலின் மேல் ஒன்பது பாகம்

மொட்டை மாடியில் அந்த வட்டத்தை எழில்மொழி முதலில் பார்த்தது, கொடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த துணிகளை எடுக்கப் போனபோதுதான். ஒரு வாரமாக ஊற்றிக்கொண்டிருந்த கார்த்திகை மழை அன்றைக்கு மதியம் கொஞ்சம் விட்டிருந்தது. தளம் முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி படிந்து கிடக்க, நட்டநடுவில் ஒரே ஓர் இடத்தில், டம்ளரின் அடியை அழுத்தி எடுத்தமாதிரி, பாசியே இல்லை. சுரண்டின தடமும் இல்லை, தேய்த்த தடமும் இல்லை. அந்த அளவுக்கு மட்டும் யாரோ ஒற்றியெடுத்துக்கொண்டு போனதுபோல வெறும் சிமெண்டு தெரிந்தது. குனிந்து தொட்டாள். விரலில் பிசுக்கு. முகர்ந்தால் ஆட்டுக்கொழுப்பு வாடை.

காக்காய் எங்கிருந்தாவது எலும்பைத் தூக்கிவந்து போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, விரலை நைட்டியில் துடைத்துவிட்டுத் துணியோடு கீழே இறங்கிவிட்டாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பாள். எழில்மொழிக்கு அந்தப் பழக்கமெல்லாம் விட்டுப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் புருஷன் நெடுஞ்செழியன் நாகப்பட்டினம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்த அன்றைக்கு அவள் அழவில்லை. அப்புறமும் அழவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் ஈறு மரத்துப்போகும் பாருங்கள், அப்படி உள்ளுக்குள் ஓர் இடம் மரத்துப்போய், மருந்து இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. மகள் செம்மொழிக்கு ஏழு வயது. தனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான் என்று எழில்மொழிக்குத் தெரியும். தெரியும், அவ்வளவுதான். மன்னார்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்திருப்பதுபோல.

அவளுடைய அப்பா செல்லதுரை இதை மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. பாதி வயசு வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்து, இன்றைக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர். வாய் மட்டும் ஓயாது.

“ஏம்மா எழிலு, செத்து முந்நூறு வருசம் ஆன வெள்ளைக்காரன் எங்க தூங்குனான், எதத் தின்னான்னு அத்தனையும் உனக்குத் தெரியுது. உன் புள்ள காலையில சாப்ட்டுச்சான்னு தெரியுமா?”

“சாப்ட்டாப்பா.”

“நான் ஊட்டுனேன், சாப்ட்டுச்சு. அந்தக் கப்பக்காரனுக்கு ஊட்டுறதுக்கு நீ இருக்க.”

கப்பல்காரன் என்று அவர் சொன்னது கேப்டன் பெர்ரிமனை. எழில்மொழி தஞ்சாவூரில் முனைவர் பட்டத்துக்குச் செய்கிற ஆராய்ச்சியே அந்த ஆள்தான். பொடியனாகக் கப்பலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, மாலுமியாகி, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்றுக்கே கேப்டனாகி, ஜாவாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் ஓட்டியவன். கடைசிப் பயணத்தில் தன் மகனையும் கூட்டிவந்தான். இந்தக் கரையோரம் நங்கூரம் போட்டு நின்ற ஒரு மத்தியானம், பையன் தண்ணீரில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை. அந்த இடத்தைவிட்டுக் கிளம்ப மறுத்தவனைக் கம்பெனி வேலையைவிட்டு நீக்கியது, கப்பல் வேறு ஆளோடு கிளம்பிப் போனது. பெர்ரிமன் போகவில்லை. ஒரு படகில் ஏறி, தினமும் அதே இடத்தில் ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குமேல் அவனைப்பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை கிடையாது.

அவன் தன் கப்பல் குறிப்பில் எழுதிவைத்திருந்த திசைகளை எழில்மொழி இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தபோது, பையன் விழுந்த இடம் கடலில் வரவில்லை. ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டிருந்தது. கோடுகள் வந்து சேர்ந்த இடம் அவர்களுடைய ஊர், சிப்பித்திடல். போர்வெல் போட்டால் சங்கும் சிப்பியுமாக மேலே வருகிற ஊர். அவர்களுடைய கொல்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் ஜெகபர் அலி போனிலேயே குதித்தார். “எழில், நீ அந்தப் பையன் விழுந்த எடத்துலதாம்மா குடியிருக்க! வைவாவுல இத ஒண்ணச் சொல்லு, போதும். என்னம்மா, சந்தோசமா இல்லியா?”

“சந்தோசந்தாங்க சார்.”

ஆழம் பார்ப்பது எப்படி என்று தன் கையால் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். அந்தக் காலத்து மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஆட்டுக்கொழுப்பை அடைப்பார்கள். தரையைத் தொட்டதும் மணலோ சேறோ, அடியில் என்ன கிடக்கிறதோ அது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கயிற்றைக் கையால் அளந்து ஆழத்தைக் கூவிச் சொல்வார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம்.

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கொழுப்பு கேட்டு வாங்கி, கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றில் அப்பி, கொல்லைக் கிணற்றில் இறக்கினாள். செம்மொழிக்குக் கொண்டாட்டம். வெள்ளை மணலும் பொடிச் சிப்பியும் ஒட்டிக்கொண்டு குண்டு மேலே வந்ததும், நனைந்த கயிற்றைத் தன் சின்னக் கையால் விரித்து விரித்து அளந்து, கிணற்றுக்குள் தலையை நீட்டி, “மூணு பாகம்!” என்று கத்தினாள். கிணறும் திருப்பிச் சொன்னது. எழில்மொழி அதை எழுதிக்கொண்டாள்.

அதனால் இரண்டாவது வட்டத்தை மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரையில் பார்த்தபோது மகளைத்தான் கேட்டாள்.

“குண்ட எடுத்து மேல எறிஞ்சியா?”

“இல்லம்மா. அத அன்னிக்கே தாத்தா பரண்ல வச்சுட்டாங்க.”

மூன்றாவது வட்டம் வைக்கோல் போரின் உச்சியில். அங்கே ஒரு பிடி வைக்கோல் இல்லை. நான்காவது வரப்பில். மண் வழுவழுவென்று ஒற்றியெடுக்கப்பட்டிருந்தது. மாடியில் நின்று பார்த்தாள். வரப்பு, வைக்கோல் போர், கொட்டகை, வீடு. எல்லாம் ஒரே நேர்கோடு. இதற்கு நெஞ்சு படபடக்க வேண்டும் என்று நினைத்தாள். படபடக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. சேற்றில் பனம்பழம் விழுவதுபோல ஒரு தொப். தலைக்கு நேர்மேலே, தளத்தில். பக்கத்தில் பனைமரம் எதுவும் கிடையாது. கொஞ்ச நேரம் எல்லாம் அப்படியே நின்றது. பிறகு நனைந்த கயிறு எதன்மீதோ உராய்கிற சரசரப்பு. தளத்தோடு அது நகர்ந்து போகவில்லை, நேராக மேலே, உயர உயர ஏறிக்கொண்டே போய், காதுக்கு எட்டாத இடத்தில் அடங்கியது.

கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த செம்மொழி தலையைக்கூடத் தூக்கவில்லை. நோட்டைப் பார்த்தபடியே, ஸ்கூலில் ஆஜர் சொல்கிற குரலில் சொன்னாள்.

“ஒம்பது பாகம்.”

“என்னது பாப்பா?”

“நம்ம வீட்டு மேல ஒம்பது பாகம்மா.”

“யாருகிட்ட சொன்ன?”

“கேக்குறாங்கல்ல,” என்றாள் குழந்தை. “கேட்டா சொல்லணும்ல.”

சாயங்காலம் செல்லதுரை கொல்லையிலிருந்து ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோழி உயிரோடுதான் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு, கத்தாமல், சிறகடிக்காமல், அவர் கையில் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் டம்ளர் அளவுக்கு ஒரு வட்டம். இறகு இல்லை. தோலும் இல்லை. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. சுற்றிலும் கொழுப்பு மினுங்கியது.

“கீரி கடிச்சா இப்புடியா இருக்கும்?” என்றார். “ஏம்மா, என்னமோ தப்பா இருக்கு. வயல்ல ஒரு தவளை கத்தல பாரு. இந்த மழைக்குக் காது கிழியணுமே.” பிறகு, எப்போதும்போலச் சிரிக்கப் பார்த்தார். “உன் துரை கொழம்புக்குக் கோழி கேக்குறானோ என்னமோ.”

அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

“புள்ளயக் கூட்டிக்கிட்டுத் தஞ்சாவூருக்குப் போயிடு. உன் சிநேகிதி வீடு இருக்குல்ல? நாலு நாள் இருந்துட்டு வா.”

“போறேம்ப்பா.”

சொன்னாள், போகவில்லை. கட்டுரையில் ஒரு பகுதி பாக்கி இருந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வராததால், அவசரமும் வரவில்லை. மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வாசல்படியில் ஒரு வட்டம். கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம். மேலே தளம் அப்படியே இருந்தது, ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. இன்னொன்று செம்மொழியின் பாயில். கோரையை ஒற்றியெடுத்திருந்தது. தலையணைக்கு ஒரு சாண் தள்ளி.

எழில்மொழி அந்தப் பாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பாப்பா, அவங்க வேற என்ன கேட்டாங்க?”

“அவுங்க புள்ளயத் தேடுறாங்கம்மா. ரொம்ப நாளாத் தேடுறாங்களாம். மேலேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலயாம். பாவம்ல?” செம்மொழி நோட்டில் நீலப் பென்சிலை வைத்துப் பக்கம் முழுக்க அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். “நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டேன்.”

எழில்மொழி எழுந்தாள். பையை எடுத்தாள். இரண்டு கவுன், ஒரு துண்டு, ஆதார் அட்டை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வேறு யாருடைய கையோபோல இருந்தது. அப்பா வயலில் தேங்கின தண்ணீரை வடியவிட மடையைத் திறக்கப் போயிருந்தார். போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஒன்றரைக்கு மெயின் ரோட்டில் ஒரு பஸ் உண்டு. வயல் நடுவே போகிற தார் ரோட்டில் நடந்தால் பிடித்துவிடலாம்.

கரண்டு போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. அதற்கப்புறம்தான், எத்தனை அமைதியாக இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. மழை இல்லை. காற்று இல்லை. காக்காய் இல்லை. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் பச்சையாக இருந்தது, பாசிக்குளத்தில் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரிகிற பச்சை, சுவரில் மெல்ல மெல்ல அசைகிற பச்சை. உதட்டை நக்கினாள். உப்பு.

“பாப்பா?”

கூடத்தில் இல்லை.

“செம்மு!”

அடுப்படியில் இல்லை. நோட்டு தரையில் கிடந்தது. பின்வாசல் கதவு திறந்திருந்தது.

செம்மொழி கொல்லையில் நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி. அவளுடைய இரட்டைப் பின்னல் இரண்டும் தோளில் கிடக்கவில்லை. மேலே எழும்பி, லேசாக ஆடிக்கொண்டிருந்தன. கவுனின் ஓரமும் குடைபோல விரிந்து, மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பின்னால் தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்து, மறுபடியும் சாய்ந்தன.

எழில்மொழி ஓடினாள். ஓட முடியவில்லை. இடுப்பளவு சேற்றில் நடப்பதுபோலக் கால் கனத்தது. காற்று கனத்தது.

தொப்.

குழந்தையின் காலடியில். உருண்டையாக, கறுப்பாக, அடியில் புதுக் கொழுப்பு மஞ்சளாகப் பிதுங்க. அதிலிருந்து ஒரு கயிறு. நேராக மேலே.

செம்மொழி குனிந்து அதைக் கட்டிக்கொண்டாள். பொம்மையைக் கட்டிக்கொள்வதுபோல, கன்னத்தை அதில் வைத்து. வைத்த கன்னம் ஒட்டிக்கொண்டது.

கயிறு விறைத்தது.

எழில்மொழி கையை நீட்டினாள். கணுக்கால் கிடைத்தது. பிடித்தாள். பிடித்திருக்கிறோமா என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. கொழுப்பு. வழுக்கியது. குதிகால். கட்டைவிரல்.

அப்புறம் கையில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான், ஒன்றரை வருஷம் கழித்து, மரத்துப்போயிருந்த அந்த இடம் விழித்தது. மொத்தமும் ஒரே சமயத்தில் வந்தது. நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. தலையை அண்ணாந்தாள். தென்னங்கீற்றுகளுக்கு மேலே வானம் இல்லை. சிப்பியும் பாசியும் அப்பின, ஒரு பெரிய மரக்கலத்தின் கறுத்த அடிவயிறு, வீட்டையும் கொல்லையையும் மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

எழில்மொழி மகளின் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

வாயிலிருந்து குமிழிகள்தான் வந்தன. பெரிதும் சிறிதுமாக, வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டு, அவை கயிற்றையொட்டி மேலே மேலே ஏறி, உயரத்தில் ஆடுகிற இரண்டு சின்ன வெறுங்கால்களைத் தாண்டிப் போய், அந்தக் கறுத்த மரத்தில் ஒவ்வொன்றாகப் பட்டு உடைந்தன.