போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

காலை 7.50. கடைக்குப் போய்த் திரும்பிய நர்ஸம்மா பூட்டைத் திறந்தார். பெரியவர் கட்டிலில் கிடந்தார், முகத்தின் மேல் தலையணை. நர்ஸம்மா போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

10.15. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது ஏட்டு வழக்கை ஏறக்குறைய முடித்தே வைத்திருந்தார். சாப்பாட்டைத் தவிர எல்லாவற்றிலும் அவருக்கு அவசரம்தான்.

"பூட்டை உடைக்கலை, மேடம். சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு நர்ஸம்மாகிட்ட, இன்னொண்ணு மகன்கிட்ட. ஏழேகாலுக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவுல உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றார். அப்ப மகன் வெளிநாட்டுலேருந்து வர்ற விமானத்துல, ஆகாயத்துல இருக்கார்."

"நான் எதுவும் பண்ணலைம்மா," என்றார் நர்ஸம்மா. "என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா என் ரெண்டு பொண்ணுங்களுக்கு யாரு இருக்கா?"

இன்ஸ்பெக்டருக்கு அழுகிறவர்கள் மேலும் சந்தேகம், அழாதவர்கள் மேலும் சந்தேகம். மகன் பக்கம் திரும்பினார்.

"எப்ப கிளம்புனீங்க?"

"நம்ம நேரப்படி நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு."

"பயணம்?"

"பத்தரை மணி நேரம். எட்டுக்கு இறங்கி, எட்டே முக்காலுக்கு இங்க வந்தேன்." போன மாதம் இங்கிருந்து புறப்பட்ட டிக்கெட்டைக் கைபேசியில் காட்டினான். பத்தரை மணி நேரம் என்றுதான் இருந்தது.

"விசாரிச்சுட்டேன், மேடம்," என்றார் ஏட்டு. "அந்த விமானத்துல வந்தது உண்மை, ஒன்பதரைக்குக் கிளம்பினதும் உண்மை. ஒன்பதாயிரம் கிலோமீட்டர். கணக்கு கச்சிதம்."

கச்சிதம் என்ற சொல் இன்ஸ்பெக்டருக்கு எப்போதுமே ஆகாது. அலமாரியில் இருந்த பழைய நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். பெரியவர் அந்தக் காலத்தில் விமானங்களுக்கு வழி கணிக்கும் நேவிகேட்டராக இருந்தவர். அதே இரண்டு விமான நிலையங்கள், அதே தூரம். பக்கத்துக்குப் பக்கம் மணிமணியான கையெழுத்து: போக 10.30 மணி நேரம், வர 8.45.

"ஏட்டு, ஒரே தூரம்தானே? வர்றப்ப மட்டும் ஏன் குறையுது?"

ஏட்டு தலையைச் சொறிந்தார். "காத்து... பின்னாலேருந்து தள்ளுமோ, மேடம்?"

"விமானம் எப்ப கிளம்புச்சுன்னு கேட்டீங்க. எப்ப இறங்குச்சுன்னு கேட்டீங்களா?"

11.05. விமான நிலையத்திலிருந்து பதில் வந்தது. இறங்கிய நேரம் 6.15.

மகனின் முகம் பேயறைந்தது போல ஆனது.

"போன டிக்கெட்டைக் காட்டி, வந்த நேரத்தை மறைச்சீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏழேகாலுக்கு இங்க வந்தீங்க. வேலையை முடிச்சுட்டு, வெளிய சுத்திட்டு, பெட்டியோட மறுபடி வந்தீங்க."

"வீட்டை விக்கக் கையெழுத்துக் கேட்டேன்," என்றான் மகன், தரையைப் பார்த்தபடி. "மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னார்."

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் நர்ஸம்மாவிடம் வந்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த நேரம் பார்த்து எதுக்குக் கடைக்குப் போனீங்க?"

"ஐயாதான் அனுப்பினார்மா. இதை யாருமே கேட்கலையே." நர்ஸம்மா பைக்குள் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். "'பையன் இப்ப வந்துடுவான், அவனுக்குப் பால் வாங்கிட்டு வா'ன்னார்."