பதினேழாம் கிணற்றின் செருப்பு

கதவுக்கு வெளியே ஒரு ஜோடி தோல் செருப்பு கிடந்தது. கிடந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரோ குதிகால் இரண்டையும் ஒட்டவைத்து, மூக்கு வாசலைப் பார்க்க, பதவிசாகக் கழற்றி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து கம்சீன் காற்று பாலைவனத்தை அள்ளிக் கொண்டுவந்து ராஸ் குர்தான் கடற்கரையில் கொட்டிக்கொண்டிருந்தது. படி, கைப்பிடி, தண்ணீர் டிரம், வஜ்தியின் ஜீப், எல்லாவற்றின் மேலும் விரற்கடை கனத்துக்கு மஞ்சள் மண் ஏறியிருந்தது. செருப்பின் மேல் மட்டும் ஒரு பொட்டு மண் இல்லை. அது ஈரமாக இருந்தது.

வஜ்தி அதைப் பார்க்காதவன் போலத் தாண்டி உள்ளே போனான். பார்க்காதவன் போலத் தாண்டிப் போவதில் அவனுக்கு ஒன்பது நாள் பழக்கம் ஆகியிருந்தது.

பகல் இரண்டு மணிதான், ஆனால் ஜன்னல் கண்ணாடியில் அந்தி நேரத்துப் பழுப்பு வெளிச்சம் நின்றது. தகர அலுவலகம் காற்றில் முனகியது. காற்று அடங்கும்வரை யாரும் வர வேண்டாம் என்று டைரக்டர் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். வஜ்தி ஒரே ஒரு காகிதத்துக்காக வந்திருந்தான். நாளைக் காலை கெய்ரோவிலிருந்து குழு வருகிறது. அணுமின் நிலையத்தின் இரண்டாம் கட்டம், புதிதாக இரண்டு உலைகள், நாடு முழுக்கப் பேப்பரில் படம் போட்ட திட்டம். உலை நிற்கப்போகும் நிலத்துக்கு அடியில் வெற்றிடம் எதுவும் இல்லை என்று நிலப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பொறியாளர் வஜ்தி. போட்டால் இரண்டாம் கட்டத்துக்குத் துணைத் தலைவர்.

ஷூவுக்குள் நறநறவென்று மண். இரண்டையும் கழற்றிக் குப்பைக்கூடையில் தட்டிவிட்டு மேஜைக்கு அடியில் வைத்தான். வெறுங்காலைத் தரையில் ஊன்றியபோது தரை சில்லென்றிருந்தது. வெளியே நாற்பது டிகிரி சூடு, தரைக்கு மட்டும் ஏன் இந்தக் குளிர் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்று காலை மேலே தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சரக். சரக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி சரக். காற்று தகரத்தில் மண்ணை வாரியடிக்கும் சத்தம் அவனுக்குப் பழகிப்போனது. இது அதுவல்ல. இது கீழேயிருந்து வந்தது. பேரீச்சை ஓலைத் துடைப்பத்தால் ஒருவன் அவசரமில்லாமல், மூலை முடுக்கு விடாமல், கல்தரையைக் கூட்டும் சத்தம்.

அந்த நிலத்தில் நாற்பத்து மூன்று மழைக்கிணறுகள் இருந்தன. எந்தக் காலத்திலோ பாறையைக் குடைந்து வெட்டியவை. வாய் ஓர் ஆள் நுழையும் அளவு, வயிறு ஒரு வீடு கொள்ளும் அளவு. அங்கே அத்தி வளர்த்த பதூயீன் என்ற பாலைவனக் குடிகள் வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே இறங்கி வண்டல் வாருவார்கள். இறங்குகிறவன் செருப்பைக் கிணற்று வாயில் கழற்றி வைத்துவிட்டு இறங்குவான். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. அதைப் பார்த்தவன் மூடியைப் போடமாட்டான், வாளியை எறியமாட்டான். நாலு வருஷமாக அங்கே நிலம் அளந்த வஜ்திக்கு அது தன் வீட்டுப் பழக்கம் மாதிரி தெரியும்.

கிணறுகளைக் கான்கிரீட் ஊற்றி அடைக்கும் வேலை தொடங்கியதும் அவர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். நஷ்டஈடு வாங்கியாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று, ஆனால் நிலத்தைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய செருப்புகளைக் கொண்டுவந்து கிணற்று வாய்களில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றிலும் ஆளை இறக்கித் தேட வேண்டும். அரைநாள் போகும். உள்ளே ஒன்றுமிருக்காது. தூரத்தில் அத்திமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பதினாறு கிணறுகளில் வஜ்தி இப்படி ஏமாந்தான்.

பதினேழாவது மஸ்தூருடையது. மஸ்தூரின் அத்திமரத்தடியில் வஜ்தி எத்தனையோ டீ குடித்திருக்கிறான். "கண்ணாடியில பாத்தா உனக்குக் கல்லுதான் தெரியும் தம்பி. ஒரு நாள் இறங்கிப் பாரு, உள்ள எங்க தாத்தன் கை தெரியும்" என்று அளவைக் கருவியைக் காட்டிக் கிண்டல் செய்வான். ஒன்பது நாளைக்கு முன், உச்சி வெயிலில், மூன்று லாரிகள் வரிசையில் நிற்க, டிரம்முக்குள் கலவை இறுகத் தொடங்கிய நேரத்தில், மேஸ்திரி ரம்ஸி கேட்டான்.

"செருப்பு இருக்கு சார். இறங்கிப் பாக்கவா?"

"பேருக்கு வெச்சிருக்காங்கய்யா. ஊத்துங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. ரம்ஸி லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லப் போன இடைவெளியில் வஜ்தியே குனிந்து செருப்பை எடுத்தான். ஒன்று. இன்னொன்று. இரண்டையும் கிணற்றுக்குள் போட்டான். செருப்பு சூடாகக்கூட இல்லை. அந்த வெயிலில் வெகுநேரம் கிடந்த தோல் சுட்டிருக்க வேண்டும். அது அவனுக்கு உறைத்தது. உறைத்ததை அவன் அப்படியே விழுங்கிவிட்டான்.

சரக். சரக்.

கீழே இப்போது மேஜைக்கு நேராகக் கேட்டது. கிணற்றை மூடிச் சமன் செய்தபின், மூன்று நாளைக்கு முன், இந்தத் தகர அலுவலகத்தைக் கிரேன் தூக்கிவந்து வைத்தது. கிரேன்காரன் கண்ணுக்கு உறுதியாகவும் சமமாகவும் பட்ட ஒரே இடம் பதினேழின் தலை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வஜ்தி வாயைத் திறக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. அவன் எழுந்து போய்த் திறந்தான்.

"என்ஜினியர் தம்பி. உள்ள வரலாமா?"

மக்பூலா. மஸ்தூரின் மனைவி. தலைத்துணி, புருவம், இமை எல்லாம் மண். இந்தக் காற்றில் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. முடிச்சுத் துணி ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"உலர்ந்த அத்தி. உனக்குன்னு எடுத்து வெச்சிருந்தாரு. கெட்டுப் போறதுக்குள்ள குடுத்துடலாம்னு."

"எதுக்குக்கா இந்தக் காத்துல..."

"போலீஸ்ல லிபியாவுக்குப் போயிருப்பான்ங்கிறான். எதுக்குப் போவாரு? பக்கத்து டவுனுக்குப் போனாலே ராத்தங்க மாட்டாரு. அன்னைக்குக் காலையில துடைப்பத்தை எடுத்துட்டுப் போனாரு தம்பி. அடுத்த வாரம் மூடறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ஒப்படைக்கிறதை அழுக்கா ஒப்படைக்கக் கூடாது, ஒரு தரம் கூட்டிட்டு வந்துடறேன்னாரு. அடுத்த வாரம்தானே மூடினீங்க?"

பதினேழில் ஊற்றியதற்கு முந்தைய நாள் மாலைதான் வஜ்தி கிணறுகளை மூடும் வரிசையை மாற்றியிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

"ஆமாக்கா" என்றான்.

தரைக்குக் கீழே துடைப்பம் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல் நின்றது.

"அப்போ வாசல்ல அவரு செருப்பு எப்படி வந்துச்சு?" என்றாள் மக்பூலா. குரலில் கோபமில்லை. "வார் அந்துபோய் நான்தான் நீல நூல்ல தெச்சேன். என் தையல் எனக்குத் தெரியாதா? கிணத்து வாயிலயா இருந்துச்சு? சொல்லிடு தம்பி. அழறதா காத்திருக்கிறதான்னு தெரியாம அடுப்பு முன்னால உக்காந்திருக்கேன். துக்கத்துக்கு உக்காரவும் முடியல, சோறு ஆக்கவும் முடியல. நீ எது சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

சொல்லிவிடலாம். நாலு வார்த்தைதான். நாளைக்குக் குழு திரும்பிப் போகும், கான்கிரீட்டை உடைப்பார்கள், அவன் ஜெயிலுக்குப் போவான். இவள் அழலாம். வஜ்திக்குத் தொண்டைவரை வந்தது. அவன் தன்னையே வெறுத்தான், ஆனால் அந்த வெறுப்பைவிட பயம் பெரிதாக இருந்தது.

"ரோட்டோரம் கிடந்துச்சுக்கா. பசங்க யாரோ எடுத்துட்டு வந்து வெச்சிருக்காங்க."

"ரோட்டோரமா?"

"பஸ் நிக்கிற இடத்துல."

அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் வஜ்தியால் தாங்க முடியவில்லை. "அப்போ கிளம்பித்தான் போயிருக்காரு. வேற செருப்பு வாங்கிப் போட்டுட்டுப் போயிருக்காரு கிறுக்கு மனுஷன். உசிரோட இருக்காரு." கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் சேறானது. "நல்லா இரு தம்பி. நான் காத்திருக்கேன்."

வெளியே போய் ஈரச் செருப்பை எடுத்து, தலைத்துணிக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் காற்றுக்குள் இறங்கி நடந்தாள். பத்தடியில் பழுப்பு அவளை மூடிக்கொண்டது.

வஜ்தி கதவைச் சாத்தினான். உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். நிலத்தடியில் வெற்றிடம் எதுவும் இல்லை. நாற்பத்து மூன்றும் ஆய்வு செய்யப்பட்டு, காலியாக இருப்பது உறுதிசெய்யப்பட்டு, நிரப்பப்பட்டன. கையெழுத்துப் போட்டான். தேதி போட்டான். எழுத்து நேராகவே விழுந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

போய்விடலாம் என்று ஷூவுக்காகக் காலால் துழாவினான். இல்லை. குனிந்து பார்த்தான். மேஜைக்கு அடியில் மண் இல்லை, ஷூ இல்லை. காலையிலிருந்து கதவிடுக்கு வழியாக வந்து படிந்த மண் முழுவதும் யாரோ கூட்டிச் சுவரோரம் சின்னக் குவியலாக ஒதுக்கியிருந்தார்கள். தரை துப்புரவாக இருந்தது. ஒப்படைக்கத் தயாரான தரை.

ஜன்னலுக்கு ஓடினான். வெளியே படியில், செருப்பு இருந்த அதே இடத்தில், அவனுடைய ஷூக்கள். குதிகால் ஒட்டி. மூக்கு வாசலைப் பார்த்து.

கதவைத் தள்ளினான். கதவு சில்லென்றிருந்தது. தகரத்தின் குளிர் இல்லை அது. பாறையின் குளிர். கை வைத்த இடத்தில் உளியின் கோடுகள் தட்டுப்பட்டன. விரல் விரலாக. யாருடைய தாத்தனோ வெட்டியவை.

ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னல் இல்லை.

"யாராவது இருக்கீங்களா?"

குரல் சுற்றிவந்து அவன் காதிலேயே விழுந்தது. பழைய தண்ணீரின் வாடை. ஈர வண்டல். மேலே, எட்டாத உயரத்தில், வட்டமாக ஒரு வெளிச்சம். உச்சி வெயில். காற்றே இல்லை. எங்கோ லாரி என்ஜின் ஓடியது.

ஒன்று விழுந்தது. அவன் ஷூ. இன்னொன்றும் விழுந்தது.

அதற்கு முன்பே மேலே பேச்சுக் கேட்டதோ, பிறகுதான் கேட்டதோ, அவனுக்குத் தெரியவில்லை.

"இறங்கிப் பாக்கவா சார்?"

"பேருக்கு வெச்சிருக்காங்கய்யா. ஊத்துங்க."

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். கத்த வாயைத் திறந்தான். சிமெண்டுத் தூசி தொண்டைக்குள் இறங்கியது. கனமாக ஏதோ சரிந்து வந்தது. கணுக்கால். முழங்கால். பின்னால் இருட்டில் இன்னொருவர் நின்றார். துடைப்பத்தோடு.

வஜ்தி இருமினான்.

அந்த இருமலை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். ஒன்பது நாளைக்கு முன், முதல் லாரி பாதி காலியானபோது. குழாய்ச் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேலே வட்ட வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. வஜ்தி தன் முகத்தையே பார்த்தான். இருமல் கேட்டுவிட்ட முகம். ஒரு கணம் அது அப்படியே குனிந்து நின்றது.

பிறகு விலகிக்கொண்டது.