சூட்டில் இறுக்காத போல்ட்

காலையில் அவளே அழுத்தித் துடைத்த இடத்தில் மறுபடியும் கரி படிந்திருந்தது. இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவரில், புகைக்குழாய் நுழைகிற ஓட்டையைச் சுற்றி, விசிறி மாதிரி விரிந்த மெல்லிய கருப்பு.

மேல் மூடி திறந்திருந்ததால் மழைச்சாரல் கழுத்தில் விழுந்துகொண்டே இருந்தது, துறையில் கட்டிப்போட்ட படகு அசையும்போதெல்லாம் கயிறு முனகியது, டீசல் வாடையும் சூடேறிய பெயிண்ட் வாடையும் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டன. அதையெல்லாம் விட அவளை எரிய வைத்தது, சுவருக்கு அந்தப் பக்கம் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுத்திருந்த புருஷன்தான். ஒன்றரை மணி நேரமாக இன்ஜின் ஓடுகிறது. எட்டிப் பார்க்கவில்லை மனுஷன்.

நேற்று புகைக்குழாய் இணைப்பில், புகை கசியாமல் அடைக்கிற புது கேஸ்கெட் வைத்து நாலு போல்ட்டையும் இறுக்கியது அவள். இன்ஜின் ஓடிச் சூடேறியதும் அதே போல்ட்டுகளை இன்னொரு தடவை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஸ்கெட் அமுங்கி இடைவெளி விட்டுவிடும். முதலில் இறுக்கிய கைதான் சூட்டிலும் இறுக்கும் என்பது பதினோரு வருஷமாக இரண்டு பேரும் மீறாத சட்டம். நேற்று வந்த சண்டையில், "எல்லாம் தெரிஞ்ச ஆளாச்சே, மிச்சத்தை நீங்களே பண்ணுங்க" என்று ஸ்பேனரை அவர் காலடியில் போட்டுவிட்டுக் கரையேறிவிட்டாள்.

பலகையைத் தட்டினாள். "என்னங்க. சூட்டுல இறுக்கினீங்களா?"

"நீ இறுக்கலையா?" நாக்குத் தடித்த குரல்.

"உங்களைத்தானே பண்ணச் சொன்னேன்."

"சொல்லல. எறிஞ்ச. தலை பிளக்குதும்மா, விடேன்."

"வேலைன்னாதான் உங்களுக்குத் தலைன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரும்."

வார்த்தைக்கு வார்த்தை திருப்பிக் கொடுக்கிற ஆள், இப்போது சும்மா சிரித்தார். நீளமாக. முடியவே முடியாத மாதிரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து இணைப்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். காகிதம் படபடத்தது. சுவர்ப் பக்கம் சாய்ந்தது. ஓட்டைக்குள் நுழையப் பார்த்தது.

புகை முழுக்கக் கேபினுக்குள் போகிறது.

"எழுந்து கதவைத் திறங்க. புகை அங்கதான் வருது."

பலகையை ஓங்கி இடித்தாள்.

"காதுல விழுதா இல்லையா?"

"நீயே திறயேன்," என்றார் அவர், தூக்கக் கலக்கத்தில். "என் மேல கையைப் போட்டுப் படுத்துக்கிட்டு எதுக்கு அங்கேருந்து கத்துற?"

அவள் கை காகிதத்தோடு அப்படியே நின்றது.

"விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன். கனமா இருக்கு. எடேன்."

இன்ஜினை நிறுத்தினாள். மழை. கயிறு. பலகைக்கு அப்பால் மூச்சுச் சத்தம். சீரான, தூங்குகிற மூச்சு.

இருக்கார். அப்பாடா என்று கூட வரவில்லை, வெறிதான் வந்தது. சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து மழையில் போடணும். மிச்சச் சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏணியேறி ஓடினாள். கேபின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உதைத்தாள். மறுபடி. மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

அவர் மல்லாந்து கிடந்தார். கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில், பல வருஷமாகப் பார்க்காத தெம்போடு. கண் பாதி திறந்திருந்தது.

"எழுந்திருங்க. நடிச்சது போதும்."

உலுக்கினாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. மூக்கடியில் விரல். ஒன்றுமில்லை. நெஞ்சில் காது. ஒன்றுமில்லை.

மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

நிமிர்ந்தாள்.

அவருக்குப் பக்கத்தில், சுவரோரம், போர்வை தலைவரை மூடியிருந்தது. ஏறியது. இறங்கியது. அதற்கடியிலிருந்து ஒரு கை நீண்டு அவர் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அவள் போட்டிருந்த அதே வளையல். அவள் கை.

தூக்கம் கலையாமலே, அது அவரைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டது.