பதின்மூன்றும் பத்தொன்பதும்

ஆள் இல்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. படங்களுக்கு ஒலி சேர்ப்பவர்கள் அதைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பேச்சுக்கு நடுவே விழும் இடைவெளியில் அதைப் போட்டு நிரப்பாவிட்டால் கேட்பவர் காது சட்டென்று குழியில் விழுந்ததுபோல் ஆகிவிடுமாம். அந்த வேலையில் இருந்த தம்பி அக்காவிடம் சொன்னது. எல்லோரையும் வெளியே விரட்டி, மின்விசிறியை நிறுத்தி, தானும் கதவுக்கு வெளியே நின்றுதான் அதை எடுப்பான். எடுத்து முடிந்ததும் ஒலிப்பதிவு மெஷினே அக்காவின் கைப்பேசிக்கு ஒரு பிரதி அனுப்பிவிடும்படி வைத்திருந்தான். கடைசியாக வந்ததில் யாரோ சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தம்பியைக் காணவில்லை. ஒலிப்பதிவு அறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. உடைத்துப் பார்த்தால் அவன் செருப்பும் கைப்பேசியும் மட்டும் கிடந்தன. வந்த போலீஸ்காரர் காதல் கீதல் ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு, ஒரு கொட்டாவியோடு கிளம்பிப் போனார். அக்காவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

“சாயங்காலம் வேற ஆளுங்க வர்றாங்கம்மா. மெஷினை மொத்தமா அழிச்சுட்டுத்தான் குடுக்கணும்,” என்றார் அந்த இடத்தின் மேனேஜர். “அதுக்குள்ள பாத்துக்குங்க.”

“முடிச்சிடுவேன் சார்.”

“தப்பா நினைக்காதீங்க, நான் உள்ள வரமாட்டேன். இங்கயே நிக்கறேன்.”

வெளியே நல்ல வெயில். உள்ளே அதற்கு அனுமதி இல்லை. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தது. அவள் மூச்சுவிட்டால் அந்த மூச்சையும் அது விழுங்கிக்கொண்டது. எச்சில் விழுங்குவது கேட்டது, காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது, பஞ்சு நாற்றத்துக்கு அடியில் ஈரச் சுண்ணாம்பின் வாடை லேசாக வந்துகொண்டே இருந்தது. சுவரில் சுவிட்சுக்குப் பக்கத்தில் மட்டும் கையகல இடம் பூச்சு தெரிய விடப்பட்டிருந்தது.

கைப்பேசிக்கு வந்த பிரதியைச் சுருக்கி நசுக்கி அனுப்பியிருந்ததால் அதில் தட்டல்களின் இடைவெளிக் கணக்கு எதுவும் நிற்கவில்லை. அசல் இந்த மெஷினில்தான் இருந்தது. அவள் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். அக்கா, தம்பி இருவருக்கும் இது பழைய விளையாட்டு. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. பதின்மூன்றைப் பத்தொன்பதால் பெருக்கினாலும் அதே எண் என்று கண்டுபிடித்த அன்று தம்பி தலைகால் புரியாமல் ஆடினான். இரண்டும் பகா எண்கள். எந்த எண்ணையும் பதின்மூன்றால் வகுத்து வரும் மீதி உயிர். பத்தொன்பதால் வகுத்து வரும் மீதி மெய். இரண்டு மீதியையும் சேர்த்தால் ஒரே ஓர் எழுத்துதான் அகப்படும். ஒரு பக்கம் மட்டும் மீதியில்லையா, தனி உயிர் அல்லது தனி மெய். எங்கும் மீதியில்லையா, ஆய்தம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில், நொடியை நூறாக்கினால் எத்தனை பங்கு என்பதே எண். அவன் ஒலிக்குள் ஒளிப்பான், இவள் நிரல் எழுதிப் பிடிப்பாள். கஷ்டப்பட்டுப் பிடித்தால் ‘அக்கா ஒரு குரங்கு’ என்று இருக்கும்.

அவள் நிரலை ஓடவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் வெறும் அறை. பிறகு தட்டல்கள். இடைவெளிகள் திரையில் வரிசையாக வந்தன. ஒன்றிலும் மயிரிழை பிசகில்லை. மனிதக் கை இப்படித் தட்டாது. கணினியில் வெட்டி ஒட்டியதாகவும் இல்லை, ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னும் அறை அதிர்ந்து அடங்குவது உண்மையாகக் கேட்டது. அந்தத் தட்டல்களிலிருந்து எழுத்தாகத் தேறியது எதுவும் இல்லை. ‘ங’வும் ‘ஞௌ’வுமாகக் குப்பை கொட்டியது. எதுவோ எழுதப் பழகுவதுபோல் இருந்தது.

அவள் அழத் தொடங்கினாள். “டேய், எங்கடா இருக்க? ஒரு வார்த்தை சொல்லுடா.”

ஹெட்போனில் மூன்று தட்டு.

எந்தச் செய்திக்கும் அதுதான் தொடக்கம். கேட்டவர் மூன்று தட்டித் திருப்பவேண்டும். சின்ன வயதில் ஒரு சுவரின் இருபுறமும் படுத்துக்கொண்டு பழகியது, கை தானாகச் செய்யும். அவள் கை தானாக நீண்டு சுவிட்சுக்குப் பக்கத்துப் பூச்சில் மூன்று முறை தட்டியது.

திரையில் இருநூற்று ஒன்பது. பதின்மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று, பத்தொன்பதால் மீதியில்லை. அ. அடுத்தது க். அடுத்தது கா. அவன்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா பதில் தட்டாதே

எழுத்துகள் நிற்கவில்லை.

நான் தட்டிவிட்டேன்

பதிவு முடிந்தது.

தட்டல் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். தட்டல் இன்னும் கேட்டது. சுவரில்.

“நீங்களாம்மா தட்டறது?” வெளியிலிருந்து மேனேஜரின் குரல்.

ஓடியிருக்கலாம். உடைந்த கதவு, தள்ளினால் திறக்கும். ஆனால் தம்பி சுவருக்குப் பின்னால் இருக்கிறான், இவ்வளவு நாளாக இருக்கிறான், மூச்சுமுட்டத் தட்டிக்கொண்டிருக்கிறான் என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மண்டைக்குள் ஏறவில்லை. பஞ்சுப் பலகையை நகத்தால் பிய்த்தாள். ஒன்று வந்தது. அடுத்தது. “இதோ வந்துட்டேன்டா. வந்துட்டேன்.”

பூச்சில் விரிசல் இல்லை. வெடிப்பு இல்லை. வழவழவென்று வெள்ளையடித்த சுவர். அதிலிருந்து நான்கு விரல்கள் பாதி வெளியே நீண்டிருந்தன. கடித்துக் கடித்து அரையான நகங்கள். தம்பியின் விரல்கள். தட்டிக்கொண்டிருந்தன.

பிடித்துக்கொண்டாள்.

சூடாக இருந்தன. உயிரோடு இருந்தன.

அவை அவள் பிடியை உதறின. அவள் உள்ளங்கையில் குத்தின. தள்ளின. மறுபடியும் தள்ளின.

“மாட்டேன்டா. விடமாட்டேன்.”

அவள் மணிக்கட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு புடைத்தது. ஒரு விரல் வந்தது. இன்னொன்று. நீளமானவை, குட்டையானவை, நகமே இல்லாதவை. சுவர் நெடுக, பஞ்சுக்கு அடியில், பலகைகள் ஒவ்வொன்றாக அசைந்தன.

அவளைத் தள்ளியது தம்பியின் கை ஒன்றுதான். மற்றவையெல்லாம் அவளைப் பிடித்துக்கொண்டன.