மணி அடிக்காத கிழக்குப் பகுதி

"எங்க அத்தான் நாற்காலியில உட்கார்ந்து கண்ணை மூடினாப் போதும்மா. ஒரு முதியோர் இல்லத்துல யாரு நிம்மதியா இருக்கா, யாரு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கா, யாரு தலையணைக்கு அடியில பிஸ்கட் ஒளிச்சு வச்சிருக்கான்னு, கண்ணைத் திறக்குறதுக்குள்ள சொல்லிடுவார். ஒரு தடவை வாசல் கேட்டுலயே நின்னு மூச்சை இழுத்துப் பார்த்துட்டு, மாடியில கடைசிக் கட்டில்ல பெட்ஷீட் மாத்தலைன்னு சொன்னவராக்கும்!"

மைத்துனர் இப்படி முழங்கியபோது, எதிரே உட்கார்ந்திருந்த மேட்ரன் அம்மாள் டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"பெட்ஷீட் இல்ல மச்சான், தலையணை உறை" என்று திருத்தினார் பரிசோதகர். முதியோர் இல்லங்களைச் சோதித்து மதிப்பெண் போடும் வேலையில் தலைமுடி அத்தனையையும் தொலைத்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். மைத்துனர் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வண்டியை ஒப்படைத்தபோது சைரனை மட்டும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டார் என்று தெருவில் பேச்சு. "நீங்க சொல்லுங்கம்மா."

"எங்க இல்லத்துல கிழக்குப் பகுதியில ஆறு அம்மாக்கள் இருக்காங்க சார். கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி இருக்கு. கொஞ்ச நாளா ஒரு மணியும் அடிக்கிறதில்ல. மதியம் ஆனா ஆறு பேரும் சொக்கி விழறாங்க. அதுல கணக்கு டீச்சர்னு ஒருத்தங்க. அவங்க மக வக்கீல். அம்மா வாடிட்டாங்க, பணிப்பொண்ணு தூக்க மாத்திரை குடுத்துப் படுக்கப் போடுறா, மணி ஒயரையும் பிடுங்கி விட்டுட்டான்னு புகார் குடுத்துட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் கமிட்டி கூடுது. சிட்டுவை அனுப்பிடுவாங்க."

"சிட்டு?"

"அந்தப் பொண்ணுதான். ஓட்டமா ஓடுவா, அதனால அம்மாக்கள் வச்ச பேரு."

"ஒயரைப் பார்த்தீங்களா?"

"எலக்ட்ரீஷியன் பார்த்தாச்சு. நல்லா இருக்கு. மாத்திரை அலமாரிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதில்ல. ஒரு மாத்திரைகூடக் குறையல. அந்தப் பொண்ணு தப்புப் பண்ணியிருக்க மாட்டான்னு மனசு சொல்லுது. ஆனா வேற என்னன்னு புரியலையே."

"போன மாசம் மதிப்பீட்டுக் குழு வந்திருக்குமே?"

மேட்ரனின் முகம் சுருங்கியது. "கிழக்குப் பகுதிக்கு முழு மார்க் சார். மணி அடிச்சா போறதுல தாமதமே இல்லைன்னு பாராட்டிட்டுப் போனாங்க."

"அடிக்காத மணிக்கு எங்கேருந்தும்மா தாமதம் வரும்?" பரிசோதகர் செருப்பைத் தேடினார். "எந்திரி மச்சான்."

இல்லத்தின் மேற்குப் பகுதியில் மணிகள் ஓயாமல் கிணுகிணுத்தன. ஒருவருக்கு ஃபேன் வேகம் போதவில்லை, இன்னொருவருக்கு அதே ஃபேனால் குளிர் ஜுரம். பணியாட்கள் முணுமுணுத்துக்கொண்டே ஓடினார்கள். "சபாஷ், உயிரோட இருக்காங்க" என்றார் பரிசோதகர். கிழக்குப் பகுதிக்குள் நுழைந்ததும் சத்தம் கத்தரித்தாற்போல நின்றது. ஓர் எறும்பு இருமியிருந்தால் மூன்று அறைக்குக் கேட்டிருக்கும்.

தோட்டக்காரர் விடுப்பில் போயிருந்ததால் மேற்குப் பகுதி ஜன்னல் தொட்டிகளில் செடிகள் அப்பளமாகக் காய்ந்திருந்தன. கிழக்கிலோ குரோட்டன்ஸ் செடிகள் ஜன்னல் கம்பியை நெட்டித் தள்ளிவிட்டு மேகத்தைத் தொடப் போகிறவை போல் நின்றன. பரிசோதகர் ஒரு தொட்டியில் விரலை விட்டார். ஈரச் செம்மண், தரையிலும் கொஞ்சம் சிந்தியிருந்தது. கட்டிலோரங்களில் ஆறு டம்ளர்களும் சொட்டு மிச்சமில்லாமல் காலியாக இருந்தன.

வராந்தா மூலையில் சிட்டு உட்காரும் ஸ்டூல். அதன்மேல் ரோஜாப்பூ உறை போட்ட தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தை கட்டியிருந்தன. முன்னால் கால் வைக்க ஒரு பலகை. அறைக்குள்ளோ மூன்று அம்மாக்கள் மடித்த புடவையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள்.

கணக்கு டீச்சர் கண் திறந்தார். பக்கத்தில் அவர் பிடித்து நடக்கும் நாலுகால் வாக்கர். அதன் ரப்பர் கால்களில் செம்மண் ஒட்டியிருந்தது.

பரிசோதகர் அவர் புறங்கைத் தோலை மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் உடனே இறங்காமல் சின்னக் கூடாரம் போல நின்றது.

"என்ன சார், தக்காளி பொறுக்குறீங்களா?" என்றார் டீச்சர்.

"ரொம்ப வாடின தக்காளி டீச்சர்."

அப்போது சிட்டு தண்ணீர்க் கூஜாவுடன் வந்தாள். காலில் படகு அளவுக்கு ஆண்பிள்ளை ரப்பர் செருப்பு. முகத்தில் தூக்கமின்மை. பரிசோதகர் அவளை ஜன்னலோரம் அழைத்துப்போய் மிகத் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் மேட்ரன் இருந்த பக்கம் பயத்துடன் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

"பிடிச்சிட்டீங்களா அத்தான்? மாத்திரையை எங்க ஒளிச்சிருக்காளாம்?" என்று மைத்துனர் கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசு தெருக்கோடி வரை கேட்டது.

"சிட்டு ஆபீஸ் ரூம்ல போய் உட்காரட்டும்" என்று பரிசோதகர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவளுக்கு இன்னிக்கு இங்க வேலை கிடையாது. மேட்ரனம்மாவும் எங்க மச்சானும் பார்த்துக்குவாங்க."

அவர் வராந்தாவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார்.

சிட்டுவின் செருப்புச் சத்தம் வராந்தாவின் கோடியில் தேய்ந்து மறைந்தது. ஒரு மணி, சந்தேகத்தோடு, லேசாக ஒலித்தது. மைத்துனர் பாய்ந்து போனார். அதற்குள் இரண்டாவது. பிறகு ஆறும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. தண்ணீர் வேண்டும். இன்னொரு டம்ளர் வேண்டும். கண்ணாடி கட்டிலுக்கடியில் விழுந்து எத்தனையோ நாளாயிற்று. குளியலறைக்குப் போகவேண்டும், உடனே, மேட்ரனம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போகட்டும். "தம்பி, முதுகுக்கு இன்னும் ஒரு தலையணை!" "ஏன்ப்பா, அந்த ஜன்னலை மூடு. மூடிட்டியா? திற." மைத்துனர் வாழ்நாள் முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டிய தூரத்தை அந்த வராந்தாவிலேயே ஓடி முடித்தார். மேட்ரனின் கொண்டை அவிழ்ந்து தோளில் தொங்கியது. நாற்காலியில் கண்மூடியிருந்தவர் மட்டும் கச்சேரி கேட்பவர் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இந்த அமளிக்கு நடுவே டீச்சரின் வக்கீல் மகள் வந்து சேர்ந்தார். "என்ன நடக்குது இங்க?"

"விசாரணை முடிஞ்சதும்மா." பரிசோதகர் கண்ணைத் திறந்தார். "உள்ள வாங்க. குற்றவாளிங்க எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

ஆறு கட்டில்களுக்கும் நடுவே நின்று அவர் பேசினார். "மணி வேலை செய்யுது, கேட்டீங்க. மயக்க மருந்து சாப்பிட்டவங்க யாரும் இப்படி எங்க மச்சானை விரட்ட முடியாது. அப்ப ஏன் சொக்கி விழுந்தாங்க? கிள்ளின தோல் இறங்கலைன்னா உடம்புல தண்ணி இல்லைன்னு அர்த்தம். வயசானவங்களுக்குத் தண்ணி குறைஞ்சா தூக்கம் தூக்கமா வரும். சிட்டு கூஜா கூஜாவா ஊத்தியிருக்கா. டம்ளரும் காலி. தண்ணி எங்க போச்சு?"

"குரோட்டன்ஸுக்கு!" மைத்துனர் மூச்சிரைத்தபடியே கத்தினார். "டீச்சர் வாக்கர்ல செம்மண்!"

"அதேதான். ஜன்னலுக்கு நாலு அடிதான், வாக்கரே போதும். மத்தவங்க டம்ளரையும் ஒவ்வொண்ணா டீச்சரே கொண்டுபோய் ஊத்தியிருக்காங்க."

"ஏன் ஊத்தணும்?" என்றார் மகள்.

"தண்ணி குடிச்சா குளியலறை போகணும். அது வராந்தாக் கோடியில இருக்கு. ஒவ்வொருத்தரையும் சிட்டுதான் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிப் போகணும். அவ ஸ்டூல்ல கிடக்கிறது இவங்க தலையணை. கீழே பலகை, வீங்கின காலுக்கு. அந்தச் செருப்பும் அதுக்குத்தான். அவ மாசமா இருக்கா. அவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். சொன்னா வேலை போயிடும்னு ஆபீஸ்ல மறைச்சிருக்கா. இங்க மறைக்க முடியல. அதனால ஆறு பேரும் கூடிப் பேசி, மணியைத் தொடுறதில்லை, தண்ணியைத் தொடுறதில்லைன்னு முடிவெடுத்துட்டாங்க."

மேட்ரன் அப்படியே ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "பயப்படும்படியா இங்க யாரு அவளை விரட்டினா?" என்றார்.

"யாரும் விரட்டல. ஆனா ஆறு பேருக்கு ஒரே ஆளைப் போட்டது யாரு? முழு மார்க்னு சொன்னீங்களே, என் மார்க் இந்தாங்க. அன்புக்கு நூறு. தண்ணிக்கு முட்டை. வயசானவங்க கூப்பிடவே கூச்சப்படுற இடத்துல எவ்வளவு பாசம் இருந்தாலும் பராமரிப்பு இல்லைம்மா."

வக்கீல் மகள் அழுத்தமாகத் தலையை ஆட்டினார். "கதை நல்லா இருக்கு சார். ஆனா எங்கம்மாவா? ஃபேன் ஸ்விட்சுக்காகச் சொந்தத் தங்கச்சியோடயே பேச்சை முறிச்சுக்கிட்டவங்க! அஞ்சு பேரோட ஒத்துப்போய், ஒரு வேலைக்காரப் பொண்ணுக்காகத் தாகத்தை அடக்கினாங்களா? நடக்கவே நடக்காது."

டீச்சர் மகளை நிமிர்ந்து பார்த்தார். வகுப்பறையில் கடைசி பெஞ்சை அடக்கும் பார்வை.

"ஒவ்வொரு தடவை என்னைத் தாங்கிக் குளியலறைக்குக் கூட்டிப் போறப்பவும் அவ வயித்தை ஒரு கையால பிடிச்சுக்குவாடி. நீ வயித்துல இருந்தப்ப நான் கடைசி மாசம் வரைக்கும் போர்டு முன்னாடி நின்னுக்கிட்டே பாடம் எடுத்தேன். காலு ரெண்டும் பூசணிக்காயா வீங்கும். டீச்சர் உட்காருங்கன்னு ஒருத்தர்கூட ஒரு நாற்காலி போடல. எங்களால நாற்காலி தூக்க முடியாது. மணி அடிக்காம இருக்க முடியும். அதைச் செஞ்சோம்."

மைத்துனர் மூக்கை உறிஞ்சினார், அதுவும் தெருக்கோடி வரை கேட்டது. மகள் கூஜாவை எடுத்து டம்ளர் நிறைய ஊற்றி அம்மாவின் வாயருகே கொண்டுபோனார். அவசரத்தில் பாதி தண்ணீர் டீச்சரின் புடவையில் கொட்டியது. "கொட்டாம ஊத்துடி" என்று திட்டிவிட்டு டீச்சர் மடமடவென்று குடித்தார்.

மேட்ரன் தயக்கத்துடன் எழுந்தார். "கமிட்டி வந்துடுவாங்க. நான் இன்னொரு ஆளைப் போடச் சொல்றேன், சிட்டுவுக்கு உட்கார்ந்து பார்க்குற வேலையாக் குடுக்கச் சொல்றேன். ஆனா இந்தக் காரணத்தைச் சொன்னா அங்க யாரு நம்புவாங்க?"

மகள் அம்மாவின் உதட்டோரத்தைத் தன் முந்தானையால் ஒற்றினார். "நீங்க சொல்லாதீங்கம்மா, நான் வந்து சொல்றேன். புகாரைக் குடுத்தவளே வாபஸ் வாங்குறேன். ஆறு பேரும் சேர்ந்துதான் செஞ்சாங்க, எங்கம்மா தலைமையில. " பரிசோதகர் பக்கம் திரும்பினார். "இது நடந்தது சார். நிஜமாவே நடந்தது."